அம்பாசடர் என்ஜினில் ஆயில் ஒழுகினால்: எந்த வேலையை எடுப்பது, எதை விட்டுவிடுவது

சேலத்தில் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் ஒருநாள் மெக்கானிக் வாயிலிருந்து இதைக் கேட்பார்கள்: "அண்ணே, பின் சீல் போயிருச்சு. கியர்பாக்ஸை எறக்கித்தான் ஆகணும்." சரி என்று சாவியைக் கொடுப்பதற்கு முன் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "எந்த சீல் தம்பி?"

ஏனென்றால் பழைய அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பெட்ரோல் என்ஜினில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்முனையில், ஆயிலை அடைக்கும் ரப்பர் சீல் என்று ஒன்று கிடையாது. அங்கே இருப்பது கிராங்கிலேயே வெட்டிய ஒரு சுருள் பள்ளம். மரை போலத்தான். கிராங்க் சுழலும்போது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்த மரை உள்ளே தள்ளும். தள்ளிய ஆயில், கிராங்கைத் தாங்கும் பின் மெயின் பேரிங்கின் மூடியில் உள்ள துளை வழியாக சம்ப்புக்கு, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்கிவிடும். சுருளுக்கும் அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி. இரண்டும் தொடவே கூடாது. தொடாததால் தேய்வதில்லை, அறுபது வருடம் ஓடினாலும் மாற்ற வேண்டியதில்லை. அதே காரணத்தால் அது முழுசாக அடைப்பதும் இல்லை.

ஆகவே இந்த என்ஜினுக்குப் 'பின் சீல் மாற்றுவது' என்று தனியாக ஒரு வேலை கிடையாது. இருப்பவை வேறு சில வழிகள். அப்படியே விட்டு அளந்து பார்ப்பது ஒன்று. வெளியே இருக்கும் கேஸ்கெட்டுகளையும் பிரீதரையும் (என்ஜின் மூச்சுவிடும் குழாய்) சரிசெய்வது இன்னொன்று. முன்பக்க டைமிங் கவர் சீலை மாற்றுவது, கியர்பாக்ஸை இறக்கிப் பின்புறத்தைப் பார்ப்பது, என்ஜினையே வெளியே எடுத்து கிராங்கைச் சரிசெய்வது அல்லது லிப் சீல் (உதடு போன்ற ரப்பர் விளிம்புள்ள சீல்) கிட் போடுவது ஆகியவை மற்றவை. செலவு இந்த வரிசையில் நூறுகளில் தொடங்கி, ஆயிரங்களைக் கடந்து, பல பத்தாயிரங்களில் போய் நிற்கும். வரிசையைத் தலைகீழாகத் தொடங்குவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது.

(1990களில் வந்த 1817 சிசி இசுசு என்ஜின் வண்டி உங்களுடையது என்றால் கதை வேறு. அதில் பின்னால் நிஜமாகவே ரப்பர் லிப் சீல் உண்டு. அதை மாற்ற கியர்பாக்ஸும், கிராங்கின் பின்னால் உள்ள கனச் சக்கரமான ஃபிளைவீலும் இறங்கினால் போதும், கிராங்கைத் தொட வேண்டாம். மெக்கானிக் சொல்வது அந்த வண்டிக்கு அப்படியே சரி.)

முதலில் அளவு

இருபது சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி. ராத்திரி முழுக்க பதினைந்து சொட்டு விழுந்தால் முக்கால் மில்லி. மாதம் முழுக்க அப்படியே விழுந்தாலும் இருபத்திரண்டு இருபத்து மூன்று மில்லி. சின்ன டம்ளரில் கால் பங்குகூட வராது. ஆனால் அந்தப் பதினைந்து சொட்டு சிமென்ட் தரையில் பரவி உள்ளங்கை அகலக் கறையாகி, பார்ப்பவரைப் பயமுறுத்திவிடும். ஷெட்டில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, டயர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, ஒரு வாரம் எண்ணுங்கள். எந்த இடத்துக்கு நேராக விழுகிறது என்பதும் சேர்ந்தே தெரியும்.

டிப்ஸ்டிக்கில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைகிறது, அட்டையிலோ சில சொட்டுத்தான் என்றால் ஆயில் கீழே போகவில்லை, எரிந்து போகிறது. இதைக் கண்டுபிடிக்க சேலத்துக்காரர்களுக்கு வீட்டுவாசலிலேயே ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்குங்கள். அடிவாரம் வந்து சமதளத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே பாருங்கள். நீலப்புகை ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வ் கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் மேனிஃபோல்டின் (காற்று உள்ளே போகும் குழாயின்) வெற்றிடம் கைடு வழியாக ஆயிலை உறிஞ்சி வைத்திருந்தது. ஏற்றத்தில் இழுக்கும்போதும் தொடர்ந்து நீலப்புகை என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் ஆயில் குறைவது பின்பக்க ஒழுகலால் அல்ல.

அளந்து பார்த்து, ஒழுகல் சொட்டுக் கணக்கில் நின்று, கிளட்ச் வழுக்காமல் இருந்தால் அப்படியே விடுவது நியாயமான முடிவு. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். 20டபிள்யூ-40 என்ஜின் ஆயில் ஒரு லிட்டர் டப்பா டிக்கியில் இருக்கட்டும். விட்டுவிடக்கூடாத நிலைமை ஒன்றுதான்: ஆயில் கிளட்ச் பிளேட்டைத் தொட்டுவிட்டால். வளைவில் நிறுத்தி எடுக்கும்போது என்ஜின் சத்தம் ஏறி வண்டி நகராமல் இருந்தால், அல்லது கிளட்ச் விடும்போது வண்டி முழுக்க நடுங்கினால், அந்தப் பிளேட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் ஒரு ஏற்றத்துக்கு வரும், அவ்வளவுதான்.

மலை ஏறினால் மட்டும் ஒழுகுவது ஏன்

சேலம் ஊருக்குள் ஓடும்போது உலர்ந்தே இருக்கும் வண்டி, ஏற்காடு போய் நின்றதும் பெல் ஹவுசிங் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடும் கூடு) அடியில் சொட்டும். இதைப் பார்த்துவிட்டு 'மலை ஏறினதுல சீல் பிய்ஞ்சிருச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. நடப்பது இதுதான். ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கியிருப்பதால் சம்ப்பில் உள்ள ஆயில் பின்பக்கம் ஒதுங்குகிறது. முதல், இரண்டாம் கியரில் முழு ஆக்ஸிலேட்டரோடு இழுக்கும்போது ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் வரும் புகை அதிகம். அந்த அழுத்தம் ஆயிலைச் சுருளுக்கு எதிராகத் தள்ளுகிறது. சுருளின் தள்ளும் வேகமோ ஆர்பிஎம்மைப் பொறுத்தது. டாப் கியர் போட்டு என்ஜினைத் திணறவிட்டு ஏற்றினால் சுருள் மெதுவாகத்தான் சுற்றும். மேலே போய் லாட்ஜ் வாசலில் மூக்கு மேலாகவே ராத்திரி நிறுத்தினால், நின்றுபோன சுருள் எதையும் தள்ளாது. மூக்குக் கீழாகவோ சமதளத்திலோ நிறுத்திப் பாருங்கள். காலைப் பனியில் தரையைப் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று: டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேல் ஆயில் இருக்கவே கூடாது. ஃபில்டரோடு சேர்த்து நாலு லிட்டருக்குச் சற்று மேலேதான் இந்த என்ஜின் பிடிக்கும். 'ஒழுகுதே, கூட ஊத்தி வைப்போம்' என்று ஐந்து லிட்டர் டப்பாவைக் கவிழ்த்தால் ஒழுகல் கூடும்.

வெளியிலிருந்து செய்யும் வேலைகள்

பின்பக்க ஒழுகல் என்று வரும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பின் டேப்பெட் கவரை. என்ஜினின் மேனிஃபோல்ட் பக்கத்தில், பிளாக்கின் ஓரத்தில், இரண்டு தகர மூடிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே போல்ட் பிடித்திருக்கும், அடியில் கார்க் கேஸ்கெட். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூடு நேராக மேலே இருப்பதால் கார்க் சில வருடங்களில் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். பின் மூடியிலிருந்து கசியும் ஆயில் பிளாக்கின் சுவரோடு வழிந்து, பின்தட்டைத் தொட்டு, பெல் ஹவுசிங் ஓரமாக இறங்கி, கடைசியில் சுருள் ஒழுகினால் எங்கே சொட்டுமோ அதே இடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். என்ஜின் தலையை மூடும் ராக்கர் கவரின் பின்மூலையும் இதே வேலையைச் செய்யும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. என்ஜினின் பின்பாதியை மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டுக் கழுவி, காற்றடித்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சாதாரண முகப்பவுடரைப் பிளாக் முழுக்கத் தூவி, கோரிமேடு வரை பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்றுக்கண். மேலிருந்து கோடு வந்தால் கியர்பாக்ஸ் இறக்கும் பேச்சை அத்தோடு நிறுத்தலாம். மேலே பவுடர் உலர்ந்திருந்து, பெல் ஹவுசிங்கின் உள்ளிருந்து மட்டும் ஈரம் வந்தால் அடுத்த கட்டம். கியர்பாக்ஸில் 90 கியர் ஆயில் ஊற்றியிருந்தால் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தும் பார்க்கலாம். கந்தக வாடை அடித்தால் ஒழுகுவது என்ஜின் இல்லை, கியர்பாக்ஸின் முன்பக்கம்.

டேப்பெட் கவரை மாற்றும்போது கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் மூன்று மாதத்தில் திரும்பவும் ஒழுகும். காரணம் தகரம் வளைந்திருக்கும். முன்னால் யாரோ 'ஒழுகுதே' என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கியிருப்பார்கள்; நடு குழிந்து ஓரம் எழும்பியிருக்கும். மூடியைக் கழற்றி, சமமான இரும்புப் பலகையில் ஓரத்தை வைத்து, சின்னச் சுத்தியால் தட்டி நேராக்குங்கள். கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. போல்ட் தலைக்கு அடியில் உள்ள வாஷரும் புதிதாக இருக்கட்டும், அந்தத் துளை வழியாகவும் ஆயில் வரும். கார்க்கை மூடியோடு லேசாக ஒட்டி, பிளாக் பக்கம் கொஞ்சம் கிரீஸ் தடவி, கையால் முறுக்கி நின்ற பிறகு ஸ்பேனரால் சிறு திருப்பு. அவ்வளவு போதும். கார்பரேட்டரையும் மேனிஃபோல்டையும் கழற்றிவிட்டால் கை தாராளமாகப் போகும். கழற்றாமல் செய்வேன் என்பவர் பின் மூடியை ஒழுங்காக உட்கார வைத்திருக்கிறாரா என்பதை நீங்கள்தான் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

முன் டேப்பெட் கவரில் பிரீதர் குழாய் இருக்கிறது. அதை யாரும் தொடுவதே இல்லை. உள்ளே கரியும் ஆயில் கசடும் சேர்ந்து தார் மாதிரி அடைத்திருக்கும். கழற்றி ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி விட்டுக் குத்தி, மறுமுனையில் ஊதினால் மூச்சு தடையில்லாமல் போக வேண்டும். பிரீதர் அடைத்த என்ஜினில் உள் அழுத்தம் வெளியேற வழி தேடும். இருப்பதிலேயே அகலமான திறப்பு அந்தச் சுருள்தான். பிரீதரைச் சுத்தம் செய்த பிறகு பின் ஒழுகல் பாதியாகக் குறைந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அழுத்தத்தை அளக்க மருந்துக்கடையில் வாங்கும் குளுக்கோஸ் டியூப் போதும். யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி தண்ணீர் விட்டு, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் போகாமல் சொருகி, ஐடிலில் பாருங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நின்றால் நல்லது. மறுபக்கம் எழும்பி, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க மேலும் ஏறினால் ரிங்கைத் தாண்டிப் புகை வருகிறது. அப்போது கம்ப்ரஷன் பார்க்க வேண்டும்: நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டராக. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்தால் எண் ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். ரிங் போன என்ஜினுக்கு எந்த சீல் போட்டாலும் பணம் தண்டம்.

இங்கேயே ஒரு பேச்சு. 'ஸ்டாப் லீக்' என்று டப்பாவில் விற்கும் திரவங்கள் ரப்பரை ஊறவைத்து மிருதுவாக்குபவை. சுருளில் ரப்பர் இல்லை. ஊற்றி என்ன பயன்? ஆயிலைக் கெட்டியாக்கிப் பார்க்கலாமா என்றால், 20டபிள்யூ-40க்குப் பதில் 20டபிள்யூ-50 போட்டால் சூடான என்ஜினில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். புது வண்டிகளுக்கான 5டபிள்யூ-30 மெல்லிசு ஆயிலை 'உயர்ந்த சரக்கு' என்று ஊற்றியிருந்தால் அதை வடித்துவிடுவதே முதல் வைத்தியம்.

முன் சீல்: நிஜமாகவே மாற்றக்கூடிய சீல்

கிராங்கின் முன்முனையில், டைமிங் கவரில், சீல் உண்டு. பழைய கவர்களில் ஃபெல்ட் வளையம், பிந்தியவற்றில் ஸ்பிரிங் வைத்த ரப்பர் லிப். இது ஒழுகினால் புல்லி ஆயிலைச் சுற்றிலும் விசிறியடிக்கும். ஃபேன் பெல்ட், டைனமோ பக்கம், ரேடியேட்டரின் உள்முகம் எல்லாம் பிசுபிசுக்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் கொண்டுபோய்ச் சம்ப் முழுக்கப் பூசும். ஒருநாள் வேலை, குறைந்த செலவு, பலன் நிச்சயம். இந்தப் பட்டியலில் போட்ட காசுக்கு முழுசாகத் திரும்ப வருவது இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

ரேடியேட்டரை வடித்துக் கழற்றி, பெல்ட்டை எடுத்த பிறகு, புல்லியைப் பிடித்திருக்கும் நட்டு தெரியும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வதற்கான பல் அதிலேயே இருக்கும். அதன் பூட்டு வாஷரின் மடிப்பை உளியால் நிமிர்த்தி, டாப் கியரும் ஹேண்ட் பிரேக்கும் போட்டு, பெரிய ரிங் ஸ்பேனரை மாட்டிச் சுத்தியால் இடப்பக்கச் சுழற்சிக்கு ஒரே அடி. மெதுவாக இழுத்தால் கிராங்க்தான் சுற்றும்; அடித்தால் நட்டு விடும். புல்லியை புல்லர் வைத்து எடுங்கள். டயர் லீவர் இரண்டு வைத்து நெம்புவதானால் இரண்டு பக்கமும் சமமாக. புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சாவித் துண்டு கீழே விழுந்து சேற்றில் போய்விடாமல் கவனம்.

கவரின் போல்ட்டுகள் இரண்டு அளவில் இருக்கும். அட்டையில் கவரின் படத்தைக் கீறி, அந்தந்தத் துளையில் போல்ட்டைக் குத்தி வைத்தால் மாட்டும்போது குழப்பம் இல்லை. கவர் வந்ததும் கிராங்கில் ஒரு தட்டு தெரியும், அதுதான் ஆயில் எறியும் தட்டு. அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெல்ட் கவருக்கு ஒரு தட்டு, ரப்பர் சீல் கவருக்கு வேறு தட்டு; இரண்டையும் மாற்றி ஜோடி சேர்த்தால் புது சீலும் ஒழுகும். ஃபெல்ட்டிலிருந்து ரப்பருக்கு மாறுவதானால் கவரையும் தட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

சீல் வாங்கும்போது வண்டிப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது போதாது. பழைய சீலில் நம்பர் தெரிந்தால் நம்பர். தெரியாவிட்டால் வெர்னியரில் புல்லியின் கழுத்து, கவரின் குழி, சீலின் கனம் மூன்றும். 2014இல் உத்தர்பாரா ஆலை நின்றுபோன பிறகு ஒரிஜினல் பெட்டியில் வருவது அநேகமாகப் பழைய இருப்பு. நைட்ரைல் ரப்பர் கடையில் கிடந்தே இறுகும். லிப்பை விரல் நகத்தால் மடக்கிப் பாருங்கள். உடனே திரும்ப வேண்டும், வெடிப்பு தெரியக்கூடாது. அதே அளவில் தொழிற்சாலை சீல் விற்கும் கடையில் புதிதாகக் கிடைத்தால் அதுவே மேல். சேலத்தில் லாரிக்கும் மோட்டாருக்கும் பம்புக்கும் சீல் விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. விட்டான் ரப்பர் அதிகச் சூட்டைத் தாங்கும், விலையும் அதிகம். இந்த இடத்துக்கு நைட்ரைலே போதும். உள்ளூரில் கிடைக்காத கவர், தட்டு மாதிரிச் சாமான்களுக்குத்தான் சென்னை புதுப்பேட்டைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

புல்லியின் கழுத்தில் லிப் உரசிய இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் அதே பள்ளத்தில்தான் உட்காரும், ஒழுகும். லேத் பட்டறையில் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். அல்லது குழியில் இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் ஆழமாகவோ வெளியிலோ உட்காரவைத்து லிப் புது இடத்தில் ஓடும்படி செய்யலாம். எமரித் தாள் போட்டுத் தேய்த்துப் பள்ளத்தை மறைப்பது வேலைக்கு ஆகாது.

சீலை அடிக்கும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். லிப்பின் பின்னால் கொஞ்சம் கிரீஸை அப்பிவிட்டால் அடிக்கும் அதிர்ச்சியில் ஸ்பிரிங் துள்ளி விழாது. இதைச் செய்யாமல் மாட்டி, ஸ்பிரிங் கவருக்குள் கிடக்க, 'புது சீலும் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அடிக்கடி நடக்கும் கூத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் அடுத்து வருகிறது. கவரைப் புது கேஸ்கெட்டோடு வைத்து, போல்ட்டுகளை விரலால் மட்டும் மாட்டுங்கள். முறுக்காதீர்கள். கழுத்தில் ஆயில் தடவிய புல்லியைச் சீல் வழியாகக் கிராங்கில் ஏற்றுங்கள். அப்போது கவர் தானாக நகர்ந்து புல்லிக்கு நடுவே நிற்கும். அதன் பிறகே போல்ட்டுகளைக் குறுக்குநெடுக்காக முறுக்க வேண்டும். கவரை முதலில் இறுக்கிவிட்டுப் புல்லியை அடித்து ஏற்றினால் லிப் ஒருபக்கம் நசுங்கி, மறுபக்கம் காற்றில் நிற்கும். புது சீல் போட்ட மறுவாரமே ஒழுகும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தத் தப்புதான்.

கியர்பாக்ஸை இறக்கினால் என்ன கிடைக்கும்

பவுடர் சோதனையில் ஒழுகல் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேதான் என்று உறுதியானாலும், கியர்பாக்ஸ், ஃபிளைவீல், பின்தட்டு மூன்றையும் கழற்றுவதால் சுருள் ஒன்றும் மாறாது. மாற்றக்கூடியவை பின்தட்டின் கேஸ்கெட், அங்குள்ள அடைப்பான்கள், கிளட்ச் பிளேட், கார்பன் ரிலீஸ் பேரிங், கிராங்கின் நடுவில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ். ஆகவே கிளட்சுக்கு நேரம் வந்தபோது இந்த வேலையைச் செய்வது புத்திசாலித்தனம். ஒழுகலுக்காக மட்டும் இறக்குவது வீண்.

பின் மெயின் மூடியையும் சிலர் சந்தேகப்படுவார்கள், அதில் நியாயம் உண்டு. அந்த மூடி பிளாக்கோடு சேரும் கிடைமட்ட முகம், அதன் பக்கவாட்டுத் துளைகள், சம்ப் கேஸ்கெட்டின் முனையில் வரும் கார்க் துண்டு எல்லாமே ஆயில் கசியும் இடங்கள். பின்தட்டின் போல்ட்டுகள் அந்த மூடியிலும் இருப்பதால் பின்தட்டு இறங்காமல் மூடி வராது. இறங்கியிருக்கும்போது மூடியின் முகத்தில் ஜாயின்டிங் காம்பவுண்டை மெல்லிசாகப் பூசி, மூடியில் உள்ள ஆயில் திரும்பும் துளையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, புது கார்க்கை ஆயிலில் ஊறவைத்துப் பொருத்தலாம். சிலிகான் பேஸ்டைத் தாராளமாகப் பிதுக்குவது வேண்டாம். உள்பக்கம் பிதுங்கிய புழு உதிர்ந்து போய் ஆயில் பம்பின் ஜல்லடையை அடைக்கும். சொட்டு ஒழுகலுக்குப் பயந்து பேரிங்கையே பலி கொடுத்ததாகும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை கிளட்ச் பிளேட்டில் தொங்கக் கூடாது. ஜாக்கி அடியில் இருக்கட்டும். பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றையோ, கடைந்த மரக்கட்டையையோ வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஜினையே எடுப்பது: கிராங்கா, கிட்டா

மெயின் பேரிங் தேய்ந்திருந்தால் கிராங்க் தன் இடத்தில் ஆடும். ஆடும் கிராங்கில் சுருளின் இடைவெளி ஒருபக்கம் குறைந்து மறுபக்கம் அகலும். அகன்ற பக்கம் ஆயில் வரும். சூடான என்ஜினில் ஐடிலில் ஆயில் பிரஷர் விழுந்து, ஏற்றத்தில் அடியிலிருந்து ஆழ்ந்த தட்டல் கேட்டால் இந்த நிலைமைதான். அப்போது ஒழுகல் ஓர் அறிகுறி மட்டும். மருந்து கிராங்க் கிரைண்டிங்கும் புது பேரிங்கும். மெயின் ஜர்னல் (கிராங்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) ஒரிஜினலில் இரண்டு அங்குலம். 10, 20, 30, 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று குறைத்து அரைக்கலாம். மூன்றே மெயின் பேரிங் உள்ள என்ஜின் இது. நடு பேரிங்கைக் கவனிக்காமல் விட்டால் கிராங்க் வில்லாக வளைந்து ஓடும்.

கிரைண்டிங் பட்டறையிடம் இரண்டு விஷயங்களை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். ஒன்று, கிராங்கை மெஷினில் ஏற்றும்போது பின்முனையின் சுருளும் ஃபிளாஞ்சும் ஆடாமல் ஓடுகிறதா என்று டயல் வைத்துப் பார்த்துவிட்டே அரைக்க வேண்டும். ஜர்னல் மட்டும் புது மையத்தில் அரைக்கப்பட்டால், சுருள் பழைய மையத்தில் கோணலாகச் சுற்றும். புது பேரிங் போட்டும் முன்பைவிட அதிகம் ஒழுகும். இரண்டு, பிளாக்கை லைன் போரிங் (மெயின் பேரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைவது) செய்தால் கிராங்க் கொஞ்சம் மேலே ஏறி உட்காரும். சுருளைச் சுற்றிய இடைவெளி மேலே குறைந்து, சில சமயம் உரசி, கீழே பிளக்கும். வேலை முடிந்ததும் கிராங்கைப் பிளாக்கில் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை மேலும் கீழும் இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்து, நாலும் சமமாக இருந்தால் மட்டும் பணம் கொடுக்கலாம்.

லிப் சீல் கிட் என்பது எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் கார் மாதிரி இதே குடும்பத்து என்ஜின் உள்ள வண்டிகளுக்காக வெளிநாட்டில் விற்பது. பிளாக்கின் பின்னால் ஒரு வளையத்தைப் பூட்டி, அதில் இரண்டு பாதியாகவோ முழுசாகவோ ரப்பர் சீலை வைத்து, அது கிராங்கின் வெளிமுகத்தில் உரசும்படி செய்கிறார்கள். ஒழுங்காக உட்கார்ந்தால் தரை உலர்ந்துவிடும். ஆனால் கிராங்கின் முகம் கண்ணாடி மாதிரி மழமழப்பாக இருக்க வேண்டும், வளையம் கிராங்குக்குச் சரியாக நடுவில் இருக்க வேண்டும், மெயின் பேரிங் புதிதாக இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் லிப் சீக்கிரம் எரிந்துபோகும். அதன் பிறகு மாற்றத் திரும்பவும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். சுருள் ஒழுகினால் கொஞ்சமாக ஒழுகும். கிழிந்த லிப் மொத்தமாக ஊற்றும். எனவே எப்படியும் என்ஜின் வெளியே வந்து, கிராங்கும் பேரிங்கும் புதிதாகும் வண்டிக்கு மட்டும் இதை யோசிக்கலாம். வாங்கும் முன் உங்கள் பிளாக்கின் பின்முகத்தை அளந்து, கிட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். தேய்ந்த என்ஜினில் கிட் மட்டும் போடச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

'இந்த வம்பே வேண்டாம், இசுசு என்ஜினை ஏற்றிடுங்க' என்ற யோசனையும் வரும். என்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓவின் அனுமதியும் ஆர்சியில் மாற்றமும் வேண்டும். ஐம்பது வருடம் கடந்த வண்டியை 2021 விதிகளின்படி வின்டேஜாகப் பதிவு செய்யும் ஆசை இருந்தால், என்ஜின் மாற்றிய வண்டிக்கு அந்தக் கதவு மூடிவிடும். ஓட்டுவதற்கு இசுசு சுகமானது, சந்தேகமில்லை. ஒழுகலுக்கு மருந்தாக அதைச் சொல்வது, குழாய் சொட்டுகிறது என்று வீட்டை விற்பது மாதிரி.

எந்த வேலை செய்தாலும் கடைசியில் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு துளை, அதில் தொளதொளவென்று ஆடும் ஒரு ஸ்பிளிட் பின் இருக்கும். வண்டி ஓடும்போது அது ஆடிக்கொண்டே இருப்பதால் துளை சேற்றால் அடைபடாது. சுருளைத் தாண்டி வந்த ஒன்றிரண்டு சொட்டும் அந்தப் பின்னின் முனையில் திரண்டு, கொஞ்சம் தொங்கி, கீழே விழும். சொட்டுவது கண்ணை உறுத்துகிறது என்று அந்தப் பின்னைப் பிடுங்கிவிட்டு எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகள் உண்டு. தரை உலர்ந்துவிடும். உள்ளே தேங்கும் ஆயிலை ஃபிளைவீல் வாரி கிளட்ச் பிளேட்டில் இறைக்கும், அடுத்த ஏற்காடு ஏற்றத்தில் பாதி வளைவிலேயே வண்டி நின்றுவிடும். அடைத்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புது ஸ்பிளிட் பின் ஒன்றைக் கால்களை லேசாக விரித்து, ஆடும்படி மாட்டிவிடுங்கள்.